நியூட்ரல் பேலட் போட்டால் கண் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. தப்பு என் கையிலா, பேலட்டிலா?

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். ஐ ஷேடோ (இமையில் பூசும் நிறப் பொடி) விஷயத்தில் நான் கைநாட்டு. இத்தனை வருஷமாகக் கண் மை, லிப்ஸ்டிக், அதோடு சரி. போன மாதம்தான் ஆசைப்பட்டு 12 நிறம் உள்ள நியூட்ரல் பேலட் (க்ரீம், பிரௌன் மாதிரி அடக்கமான நிறங்களை அடுக்கிய பெட்டி) ஒன்று வாங்கினேன். விலை குறைந்த ரகம்தான். தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும், போட்டிருக்கிறேன் என்றே யாருக்கும் தெரியக் கூடாது, கண் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை.

நடப்பது வேறு. முன்கையில் தேய்த்துப் பார்த்தால் அழகான பிரௌன். அதையே இமையில் போட்டால் அடுப்புச் சாம்பல். குளியலறைக் கண்ணாடியில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே திக்கென்று ஆகிறது. மதியத்துக்குள் எல்லாம் நகர்ந்து வந்து இமை மடிப்பில் ஒரே கோடாகத் திரண்டுவிடுகிறது. நேற்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் "ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டுவிட்டார். எட்டு மணி நேரம் தூங்கினேன் ஐயா!

விவரம்: மாநிறத்துக்கு ஒரு படி மேலே கறுப்பு, மஞ்சள் சாயல். இமையில் எண்ணெய் வழியும். அடியில் கன்சீலர் (கருமையை மறைக்கும் பூச்சு) தடவிக்கொள்கிறேன். பேலட்டோடு வந்த பஞ்சு முனைக் குச்சியால்தான் போடுகிறேன். முதலில் வெளிர் க்ரீம் நிறத்தை இமை முழுக்கப் பூசுவேன். அப்புறம் சாம்பலும் பிரௌனும் கலந்த ஒன்றை (பெட்டியில் டோப் என்று போட்டிருக்கிறது) மடிப்பில் வைப்பேன். வெளி மூலையில் அடர் பிரௌன். பெட்டியின் பின்னால் இருந்த படத்தைப் பார்த்துச் செய்ததுதான் எல்லாம்.

இதை ஓரங்கட்டிவிட்டு விலை கூடியதாக ஒன்று வாங்கிவிடலாமா?

நிலாப்பொடி:

வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கன்சீலர் உங்கள் நிறமா, வெளிறியதா? தடவி எவ்வளவு நேரம் கழித்து ஷேடோ போடுகிறீர்கள்? நடுவில் பவுடர் ஏதாவது உண்டா? காலையில் கண்ணைச் சுற்றி க்ரீம் போடும் பழக்கம் இருக்கிறதா?

அரைத்தூக்கம்:

கண்ணுக்கடியில் உள்ள கருமையை மறைக்க வாங்கியது, என் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளிறல். தடவிய கையோடு ஷேடோவும் போட்டுவிடுவேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பவுடர் கிடையாது. க்ரீம் உண்டு, இமை மேலேயும் சேர்த்துத்தான் தடவுகிறேன். கேள்வியைப் பார்த்தாலே விடை தெரிகிற மாதிரி இருக்கிறதே!

கறார்க்கண்ணாடி:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மலிவுப் பேலட் எல்லாமே சுண்ணாம்புப் பொடிதான். நான் மூன்று வாங்கி மூன்றையும் தூக்கிப் போட்டவள். நல்லதாக ஒன்று வாங்குங்கள், தொல்லை விட்டது.

தூரிகை:

கறார்க்கண்ணாடி சொல்வதில் பாதி சரி. சுண்ணாம்பு பூசிய மாதிரி இருக்கும் நிறங்கள் மலிவுப் பேலட்டில் உண்டு, விலை கூடிய பேலட்டிலும் உண்டு. இரண்டு பெட்டியையும் திருப்பிப் பின்பக்கம் படித்தால் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்: டால்க், மைக்கா, பொடியைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் எண்ணெய் அல்லது சிலிக்கோன், நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு. பட்டியலில் இவை நிற எண்ணாக இருக்கும்: சிவப்பு 77491, மஞ்சள் 77492, கறுப்பு 77499. நியூட்ரல் பேலட்டில் நீங்கள் பார்க்கிற பிரௌன் அத்தனையும் பெரும்பாலும் இந்த மூன்றின் கூட்டணிதான்.

இவர்களோடு நாலாவதாக ஒருவர் வருவார், 77891, டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர் பெயின்ட்டை வெள்ளையாக்குகிற அதே பொருள். வெளிர் நிறம் வேண்டுமென்றால் இதைத்தான் சேர்க்கிறார்கள். வெளுத்த தோலில் அது பேசாமல் கிடக்கும். நம்மைப் போன்ற தோலில் மேலே ஒரு வெள்ளைப் படலமாக நிற்கும். அந்தப் படலத்துக்கு அடியிலிருந்து தோலின் கருமை மங்கலாகத் தெரியும்போது கண்ணுக்குச் சாம்பல் என்று படுகிறது. டோப் என்பது பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் தூக்கலாக, சிவப்பும் மஞ்சளும் அடக்கமாக உள்ள பிரௌன். அதை வெளிறிய கன்சீலரின் மேலும் க்ரீம் நிறத்தின் மேலும் போட்டால் சாம்பலாகாமல் வேறென்ன ஆகும்? நீங்கள் கண்ணில் மூன்று அடுக்கு வெள்ளை வைத்திருக்கிறீர்கள்.

முன்கையில் மட்டும் ஏன் அழகாகத் தெரிந்தது என்றால், முன்கையின் உள்பக்கம் இமையைவிட வெளுப்பு. நம்மில் பலருக்கு இமைதான் முகத்திலேயே கருமை கூடிய இடம். ஜன்னல் பக்கம் போய், பகல் வெளிச்சத்தில், ஒன்றும் தடவாத இமையில் ஒவ்வொரு மேட் (பளபளப்பு இல்லாத) நிறமாக விரல் நுனியால் வைத்து ஏழெட்டு முறை தேய்த்துப் பாருங்கள். தேய்த்த பிறகும் பிரௌனாகவே நிற்பது உங்களுடையது, பால் ஆடை மாதிரி வெள்ளை விட்டுப் போவது உங்களுடையது அல்ல. பெட்டியில் உள்ள பட்டியலை வைத்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பல பேலட்டில் 12 நிறத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல்தான் போடுகிறார்கள், கூட்டல் கழித்தல் குறிக்குப் பிறகு வருகிற எண்கள் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று தெரியாது.

குளியலறை விளக்கு மஞ்சளாக இருந்தால் சாம்பலையும் சூடான பிரௌனாகக் காட்டும். லிஃப்ட் கண்ணாடி பாவம், உண்மையைச் சொன்னது.

நிலாப்பொடி:

நிறக் கணக்கைத் தூரிகை முடித்துவிட்டார். கோடு விழுவதற்குக் காரணம் வேறு. க்ரீம், அதன் மேல் கன்சீலர், இரண்டும் ஈரம். அதன் மேல் பொடி. கண் சிமிட்டும் போதெல்லாம் இமை மடிகிறது, அடியில் இறுகாமல் கிடக்கிற ஈரம் பொடியையும் இழுத்துக்கொண்டு மடிப்புக்குள் போய்ச் சேர்கிறது. எண்ணெய் இமை என்றால் இன்னும் சீக்கிரம்.

காலையில் இமை மேல் க்ரீம் வேண்டாம், ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இமையை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கன்சீலரோ பிரைமரோ (ஷேடோ நிற்க அடியில் தடவுவது) உங்கள் நிறத்தில், அரிசி மணி அளவு, இரண்டு இமைக்கும் சேர்த்து அவ்வளவுதான். விரலால் தட்டிப் பரப்புங்கள். பல் தேய்க்கிற நேரம் அதைச் சும்மா விடுங்கள். அப்புறம் கண்ணைத் திறந்து மூடினால் மெல்லிய கோடு தெரியும், அதை விரலால் தட்டிச் சமன் செய்து, உடனே பேலட்டில் உங்கள் தோல் நிறத்தில் இருக்கிற மேட் பொடியை ஒற்றி வையுங்கள். அந்தப் பொடிதான் பூட்டு. அதன் மேல் போடுவதுதான் நிற்கும்.

இன்னொன்று, அந்தப் பஞ்சுக் குச்சி. ஒரே இடத்தில் அப்புவதற்குத்தான் அது ஆகும், கலப்பதற்கு ஆகாது. விரல் நகம் அகலத்துக்குப் புசுபுசுவென்று ஒரு பிரஷ் போதும். பொடியில் தொட்டதும் பெட்டியின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டுங்கள். தொட்டதில் பாதி கொட்டிவிடும், கொட்டட்டும்.

கறார்க்கண்ணாடி:

நானும் க்ரீம் போட்ட கையோடுதான் போட்டேன். இப்போது மூன்று பேலட்டையும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அரைத்தூக்கம்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். ஜன்னல் பரீட்சையில் 12 நிறத்தில் எட்டு மேட். எட்டில் தேறியது மூன்று! ஒன்று செம்மண் சாயல் உள்ள நடுத்தர பிரௌன், ஒன்று கிட்டத்தட்ட என் தோல் நிறம், ஒன்று காப்பிக்கொட்டை அடர்த்தி. டோப் படுதோல்வி.

சாம்பல் போயே போய்விட்டது. கோடு மதியம் வரவில்லை, சாயங்காலம் லேசாக வருகிறது. ஆனால் இரண்டு புதுப் பிரச்சினை. நடுத்தர பிரௌனை மடிப்பில் அழகாக வைக்கிறேன், கண்ணைத் திறந்தால் காணவில்லை, இமை முழுங்கிவிடுகிறது. இரண்டாவது, அந்த பிரௌன் பொடி மேலே வழவழவென்று பளபளப்பாகிவிட்டது. பிரஷில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கெட்டுவிட்டதா?

மைவிழி:

கெடவில்லை. விரலால் பரீட்சை வைத்தீர்கள் அல்லவா, விரல் எண்ணெய் பொடியின் மேலே இறங்கி இறுகிவிட்டது. செலோடேப்பை அதன் மேல் லேசாக ஒட்டி எடுங்கள், மேல் தோல் மாதிரி ஒரு படலம் உரிந்து வரும், அடியில் புதுப் பொடி இருக்கும். அழுத்தி ஒட்டினால் கட்டியே பெயர்ந்து வரும், அனுபவத்தில் சொல்கிறேன். டேப் பிடிக்காவிட்டால் பல் குத்தும் குச்சியின் பக்கவாட்டால் சுரண்டலாம். இனிமேல் மேட் நிறங்களுக்கு பிரஷ் மட்டும். ஷிம்மர் (மினுமினுக்கும் நிறம்) மட்டும் நேர்மாறு, பிரஷை விட விரலில்தான் அது ஒழுங்காக ஒட்டும். விரலைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

இமை முழுங்குவதற்கு: கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கண்ணாடியை நேராகப் பாருங்கள், கண் திறந்தபடியே, தலையைத் தூக்காமல், புருவத்தையும் தூக்காமல். மடிப்பு எங்கே மறைகிறதோ அதற்கு ஒரு அரிசி அகலம் மேலே நடுத்தர பிரௌனை வைத்து இடவலமாக மெதுவாக ஆட்டுங்கள். கண்ணை மூடினால் ரொம்ப மேலே போய்விட்ட மாதிரி தெரியும், பயப்படாதீர்கள். எதிரே இருப்பவர் திறந்த கண்ணைத்தானே பார்க்கிறார்.

அடர் பிரௌன் தினத்துக்கு எதற்கு? மெல்லிய பிரஷில் தொட்டு மேல் இமை முடியின் வேரோடு ஒட்டி ஒரு இழுப்பு. கண் மை மாதிரி கறுப்பாக நிற்காது, ஆனால் முடி அடர்த்தியாகத் தெரியும்.

வெண்சங்கு:

இடையில் ஒரு சந்தேகம். எனக்குக் கான்டாக்ட் லென்ஸ். பொடி உள்ளே போய்ச் சாயங்காலம் கண் உறுத்துகிறது. லென்ஸ் முன்னாலா பின்னாலா?

மைவிழி:

கையைக் கழுவி முதலில் லென்ஸ், அப்புறம் ஷேடோ. சாயங்காலம் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள், அப்புறம் மேக்கப்பைக் கலையுங்கள். கொட்டுகிற ஷிம்மர் உங்களுக்கு வேண்டாம். எதைப் போட்டாலும் உறுத்தல், சிவப்பு, அரிப்பு நிற்கவில்லை என்றால் போடுவதை நிறுத்திவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள், இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

தூரிகை:

அரைத்தூக்கம், சாயங்காலம் லேசாகக் கோடு விழுவதை விட்டுவிடுங்கள். எண்ணெய் இமையில் பத்து மணி நேரம் கழித்து ஒரு கோடு விழாவிட்டால்தான் ஆச்சரியம். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் மதியம் மடிப்பை விரலால் ஒரு முறை ஒற்றிவிடுங்கள், மேலே புதிதாகப் பொடி போட வேண்டாம். பெட்டியின் பின்னால் திறந்த டப்பா படம் போட்டு உள்ளே 12 எம் என்றோ 24 எம் என்றோ இருக்கும், திறந்த பிறகு அத்தனை மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதி வையுங்கள், நான் எழுதாமல் விட்டு இப்போது முழிக்கிறேன்.

அரைத்தூக்கம்:

இரண்டு வாரம் ஆயிற்று. டேப் வித்தை பலித்தது, உரிந்து வந்த படலத்தைப் பார்க்க வெங்காயச் சருகு மாதிரியே இருந்தது. இப்போது காலையில் நாலு நிமிஷம். தோல் நிறம், செம்மண் பிரௌன், முடி வேரில் காப்பிக்கொட்டை. லிஃப்ட் கண்ணாடியை நேராகப் பார்க்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. நான் கேட்டதும் அதைத்தானே!

கறார்க்கண்ணாடி:

சந்தோஷம். மற்ற ஒன்பது நிறத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

அரைத்தூக்கம்:

ஷிம்மர் நாலும் விசேஷத்துக்கு இருக்கட்டும். டோப்பைப் புருவத்தில் வைத்துப் பார்த்தேன், அங்கே அது பரவாயில்லை. அந்த வெளிர் க்ரீம் நிறம்தான் பெட்டியைத் திறந்ததும் முதலில் முறைக்கிறது. இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.