பிக்காச்சு ராய்ச்சு ஆவது பரிணாமமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஒரு சிறுவர் இதழுக்காக, போக்கிமான் என்ற கற்பனை உயிர்களைப் பிடித்து வளர்த்துச் சண்டையிட வைக்கும் ஜப்பானியத் தொடரைப் பற்றிய நாலு பக்கக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. வரலாற்றுப் பகுதி சுலபமாக முடிந்துவிட்டது: 1996 பிப்ரவரியில் கேம்பாய் விளையாட்டு, 1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் தொலைக்காட்சித் தொடர், ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் ஆஷ் என்ற ஒரே நாயகன், 2023 மார்ச்சில் அவன் கதை முடிந்து அடுத்த மாதமே லிக்கோ, ராய் என்ற புதுப் பிள்ளைகளோடு தொடர்ச்சி.

சிக்கல் ஒரு சொல்லில். பிச்சு என்ற மின்சார எலிப் போக்கிமானுக்கு அன்பு கூடினால் பிக்காச்சு ஆகிறது; பிக்காச்சு மின்னல் கல்லைத் தொட்டால் ராய்ச்சு ஆகிறது. உடம்பு ஒளிர்கிறது, சில நொடிகளில் வேறு உரு, வேறு பெயர், கூடுதல் வலு. ஆங்கிலத்தில் இதற்கு எவல்யூஷன் என்று பெயர். ஜப்பானிய மூலத்தில் 'ஷின்கா', உயிரியல் பாடத்தில் டார்வினுக்குப் பயன்படுத்தும் அதே சொல். அகராதியைப் பார்த்தால் பரிணாமம் என்றுதான் போட வேண்டும். இதழின் ஆசிரியர் குழுவில் ஒருவர் அதைச் சுழித்து, 'ஓர் உயிர் பத்து நொடியில் பரிணாமம் அடையுமா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

எனக்குத் தேவை மூன்று: பெயராகவும் வினையாகவும் வர வேண்டும். படத்தின் அடியில் ஒரு வரியில் அடங்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை தடுக்கி விழக்கூடாது. உதவுங்கள்.


ஈரோட்டு ஆசிரியை எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. பத்தாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறேன். உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்ற பாடம் வரும்போதெல்லாம் ஒரு பையன் கையைத் தூக்கி, 'மிஸ், பிக்காச்சு எவால்வ் ஆகிற மாதிரிதானே?' என்பான். இல்லை என்று விளக்குவதற்குள் பாதி வகுப்பு போய்விடும்.

பரிணாமம் தனி உயிருக்கு நடப்பதல்ல. ஓர் இனக்கூட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாக நடப்பது. எந்தக் குரங்கும் ஒரு நாள் காலையில் மனிதனாக எழுந்திருக்கவில்லை. தலைப்பிரட்டை தவளையாவதற்கு எங்கள் புத்தகத்தில் வளர் உருமாற்றம் என்று பெயர். போக்கிமானில் நடப்பது அதற்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது. தயவுசெய்து உருமாற்றம் என்றே போடுங்கள். பரிணாமம் என்று அச்சில் வந்துவிட்டால் அந்தப் பையன் இதழைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பான்.


பெங்களூரு நிரலாளர் எழுதியது:

> தயவுசெய்து உருமாற்றம் என்றே போடுங்கள்.

அக்கா, இடிக்கிறது. டிட்டோ என்று ஒரு போக்கிமான் இருக்கிறது. எதிரில் நிற்பதன் உருவை அப்படியே எடுத்துக்கொள்ளும், பிறகு தன் பழைய உருவுக்கே திரும்பிவிடும். மாரீசன் மானாக வந்த மாதிரி. உருமாற்றம் அதற்குத்தான் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் டிட்டோவுக்கு என்ன செய்வது? பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை, நாம் குழப்பக்கூடாது.

இன்னொன்று. ஜப்பானிய உயிரியலிலும் தலைப்பிரட்டை தவளையாவதற்குத் தனிச்சொல் இருக்கிறது: 'ஹென்தாய்'. பேச்சு வழக்கில் அது வக்கிரம் பிடித்தவனைத் திட்டும் வசை. பிள்ளைகள் விளையாட்டில் அதை எப்படி வைப்பது? ஷின்கா வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். விளையாட்டை உருவாக்கிய சட்டோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். புழு கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாவதைக் கண்ணால் பார்த்தவர். அவர் மனசில் இருந்தது டார்வின் இல்லை, பூச்சிதான்.


திருவாரூர் புலவர் ஐயா எழுதியது:

அன்பர்களே, சொல் நம்மிடமே இருக்கும்போது எங்கே தேடுகிறீர்கள்? நன்னூல் என்ன சொல்கிறது? 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்.' ஒன்று இன்னொன்றாவது திரிதல். மரம் + வேர் மரவேர் ஆனால் கெடுதல். பொன் + குடம் பொற்குடம் ஆனால் திரிதல். பிக்காச்சு ராய்ச்சு ஆவது திரிபு. இரண்டு அசை, சுருக்கம். வினை: திரிந்தது.

போகிற போக்கில் ஒன்று. பிச்சுவைக் குழந்தைப் போக்கிமான் என்று கட்டுரையில் எழுதாதீர்கள். எலியின் இளமைப் பெயர் தொல்காப்பிய மரபியலில் தெளிவாக இருக்கிறது: 'மூங்கா வெருகுஎலி மூவரி அணிலொடு ஆங்கவை நான்கும் குட்டிக் குரிய.' பறழ் என்றாலும் தவறில்லை. பிச்சு, எலிப்பறழ்.


ஈரோட்டு ஆசிரியை எழுதியது:

ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் பால் கெட்டுப்போனால் 'திரிந்துவிட்டது' என்கிறோம். பிக்காச்சு திரிந்துவிட்டது என்றால் பிள்ளைகள் பதறிவிடும்.


மதுரை அன்பர் எழுதியது:

பால் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பரிணாமம் என்ற சொல்லின் பழைய வாழ்வைப் பாருங்கள். சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவத்தைச் சேர்ந்தவர்களின் கொள்கைக்குப் பரிணாம வாதம் என்று பெயர். அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு பால் தயிராவது. அதே பொருள் ஒரு நிலை விட்டு இன்னொரு நிலைக்குப் போகிறது. காரணமே காரியமாக மாறுகிறது. இதற்கு எதிர்ப்பக்கம் அத்வைதிகளின் விவர்த்த வாதம்: கயிறு பாம்பாகத் தெரிவது, மாறுவதில்லை. டிட்டோ விவர்த்தம், பிக்காச்சு பரிணாமம் என்று கூடச் சொல்லிவிடலாம்.

அப்படியானால், தலைமுறைகளுக்கு நடப்பதைக் குறிக்கப் பரிணாமத்தை எடுத்துக்கொண்டது அறிவியல் நூல்தான். ஒரே உயிர் நிலை மாறுவதற்கு அந்தச் சொல் முதலிலிருந்தே உரியது. மேற்கிலும் இதே கதை. எவல்யூஷன் லத்தீனில் சுருளை விரிப்பது. டார்வினுக்கு முன்னே கரு வளர்ச்சிக்கு அந்தச் சொல் வழங்கியது. 1859-இல் அவர் நூலின் முதல் பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லே இல்லை. கடைசிச் சொல்லாக அதன் வினை மட்டும் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் முதலில் போட்டது சரி. அப்படியே விடுங்கள்.


ஈரோட்டு ஆசிரியை எழுதியது:

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும் அண்ணா. என் மாணவன் சாங்கியம் படித்துவிட்டு வரவில்லை. அவனுக்குப் பரிணாமம் என்றால் எங்கள் பாடத்தில் இருப்பதுதான்.


யாழ்ப்பாண நண்பர் எழுதியது:

எங்கட பாடப்புத்தகங்களில் பரிணாமம் இல்லை. கூர்ப்பு என்றுதான் படித்தோம். டார்வினின் கூர்ப்புக் கொள்கை என்று சொன்னால் இங்கே ஓ-எல் தேர்வு எழுதும் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஆகவே ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாட்டிலும் அறிவியலுக்குக் கூர்ப்பை எடுங்கோ, பரிணாமத்தைப் பிக்காச்சுவுக்கு விடுங்கோ. மதுரை அண்ணாவின் சாங்கியமும் பிழைக்கும், ஆசிரியையின் பாடமும் பிழைக்கும்.


திருவாரூர் புலவர் ஐயா எழுதியது:

யாழ்ப்பாண நண்பர் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஆனால் சொல்லை இடம் மாற்றி வைத்துவிட்டார். தொல்காப்பிய உரியியல்: 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்.' உள்ளது சிறத்தல்! இல்லாதது வருவதல்ல, ஏற்கெனவே இருப்பது மிகுவது. மின்சாரம் பிக்காச்சுவிடம் உள்ளது. ராய்ச்சுவிடம் அது சிறக்கிறது. பேராசிரியர் யாரையும் கேட்க வேண்டாம், தொல்காப்பியரே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரிபை நான் திரும்பப் பெறுகிறேன். என் முன்மொழிவு கூர்ப்பு. வினை: கூர்ந்தது. 'பிக்காச்சு ராய்ச்சுவாகக் கூர்ந்தது.'


ஈரோட்டு ஆசிரியை எழுதியது:

உள்ளது சிறத்தல் என்ற கருத்துதான் வகுப்பில் என்னைப் படுத்துகிற பாடு. பரிணாமம் என்றால் மேலே மேலே போவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். குகைக்குள் வாழும் மீன் தலைமுறைகளில் கண்ணை இழந்தது. நாடாப்புழுவுக்கு உணவுக்குழலே இல்லை. இவையும் பரிணாமம்தான். சிறப்பு, தாழ்வு என்பதெல்லாம் அதில் கிடையாது. அதனால் கூர்ப்பைப் பிக்காச்சுவுக்குத் தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியை என்னைப் போலவே கஷ்டப்படுவார்.


யாழ்ப்பாண நண்பர் எழுதியது:

ஓம், அது நடக்கும். இதழ் இங்கேயும் வருகிறது என்றால் கூர்ப்பு வேண்டாம்.


மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வருகிறது. எனவே பரிணாமம் ஒரு கரையில் போனது, கூர்ப்பு மறுகரையில் போனது. இன்று புதன்.


கோவை அக்கா எழுதியது:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பல்பசார் என்ற போக்கிமானை யாரும் சொல்லவில்லையே. அதன் முதுகில் ஒரு கிழங்கு மாதிரி மொட்டு. அடுத்த நிலை ஐவிசார், மொட்டு வாய் திறக்கத் தொடங்குகிறது. அடுத்து வீனசார், முழுப் பூ. நாம் அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரே பூவுக்கு நிலைதோறும் பெயர் மாற்றி வைத்தவர்கள். ஒரே உயிர், வளர வளர வேறு பெயர். போக்கிமானும் அதைத்தான் செய்கிறது. பரிணாமத்துக்குத் தமிழில் படிமலர்ச்சி என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. அதில் படி என்பது தலைமுறைப் படிகள். இங்கே மாறுவது உரு. ஆகவே உருமலர்ச்சி. வினை: உருமலர்ந்தது.


பெங்களூரு நிரலாளர் எழுதியது:

அக்கா, சொல் அழகு. மூன்று தடைகள்.

தொடரில் வில்லன் கூட்டத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எட்டி உதைத்த மேஜிகார்ப் மீன் அந்த இடத்திலேயே கியாரடோஸ் என்ற கடல் பூதமாகி அவர்களையே அடித்துத் துரத்தும். சார்மிலியன் சாரிசார்டு ஆனபின் ஆஷ் பேச்சைக் கேட்காது, அவன் முகத்திலேயே நெருப்பை ஊதும். முகம் மலர்ந்தது, உள்ளம் மலர்ந்தது என்று சொல்லிப் பழகிய வாயால் இதையெல்லாம் மலர்ச்சி என்பதா?

2013-இல் மெகா எவல்யூஷன் என்ற தற்காலிக மாற்றம் வந்தது. சண்டை முடிந்ததும் பழைய உரு. மலர்ந்த பூ மறுபடி மொட்டாகுமா?

கடைசியாகப் பிறவினை. கல்லைக் கொடுத்து அதை மாறச் செய்கிறார்கள். உருமலர்த்தினான் என்பதா? மலர்த்துவது என்றால் எங்கள் ஊரில் ஆளை மல்லாத்திப் போடுவது. சண்டைக் காட்சிப் படத்தின் அடியில் 'ஆஷ் அதை மலர்த்தினான்' என்று வந்தால் பொருளே தலைகீழ்.


கோவை அக்கா எழுதியது:

தாமரை மாலையில் கூம்பி மறுநாள் விரிகிறது. மெகா கவலை தீர்ந்தது. ஊமத்தையும் மலர்கிறது, அதன் நஞ்சு நஞ்சுதான். மலர்ச்சி என்றால் நல்ல குணம் வர வேண்டும் என்று யார் சொன்னது? பிறவினைக்கு உருமலரச் செய்தான் என்று எழுதுங்கள்.

அப்புறம், இந்தத் தொடரின் உயிரே பிறவினை மறுக்கப்படும் இடங்களில்தான் இருக்கிறது. பதினாலாவது அத்தியாயம். வெர்மிலியன் நகரில் எதிராளி சர்ஜின் ராய்ச்சுவிடம் பிக்காச்சு அடிபட்டுக் கிடக்கிறது. ஆஷ் மின்னல் கல்லை நீட்டி, வேண்டுமா என்று கேட்கிறான். பிக்காச்சு அதைத் தட்டிவிடுகிறது. மறுபடி போய், மாறாத உடம்போடு, தன் வேகத்தைக் கொண்டே ராய்ச்சுவை ஓட வைத்துக் களைக்கச் செய்து ஜெயிக்கிறது. பல்பசாரும் அப்படித்தான்: சுற்றி நிற்கும் கூட்டமெல்லாம் ஐவிசாராகும் இரவில் அது மட்டும் மாட்டேன் என்கிறது. டார்வின் சொன்னதை எந்த உயிரும் மறுக்க முடியாது. பூவும் மறுக்காது, உண்மைதான். ஆனால் மறுக்கக்கூடிய ஒரு செயலுக்குப் பரிணாமம் என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.


மதுரை அன்பர் எழுதியது:

அக்கா சொன்ன காட்சிக்காகவே கேட்கிறேன். அந்த இடத்தில் பிக்காச்சு மறுப்பது எதை? 'உருமலர மறுத்தது' என்று வாசித்துப் பாருங்கள். பூக்க மறுத்தது என்ற சோகம் வந்துவிடுகிறது. அங்கே சோகமில்லை, வீம்பு. 'பரிணமிக்க மறுத்தது' என்றால் வீம்பு இருக்கிறது. தமிழ் டப்பிங்கில் பார்த்த என் மகள் இதையெல்லாம் படித்துவிட்டு, 'எவால்வ் ஆக மாட்டேன்னு சொல்லிடுச்சு' என்றாள். அவள் சொன்னது நம் எல்லாரையும்விடத் தெளிவு. எவால்வ் என்றே எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?


திருவாரூர் புலவர் ஐயா எழுதியது:

பெயர்ச்சொல்லை எடுத்தாளலாம். பிக்காச்சு பிக்காச்சுவாகவே இருக்கட்டும். வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லுக்கு இடம் கொடுத்தவர் தொல்காப்பியர். வினையை எடுத்தாளத் தொடங்கினால் 'ஆகு', 'பண்ணு' இரண்டைத் தவிர நமக்கு வேறு வினையே மிஞ்சாது. எவால்வ் ஆனது, அட்டாக் பண்ணியது, கேட்ச் பண்ணினான். பிள்ளைக்குத் தெளிவு வேண்டும் என்பது நியாயம். அதே பிள்ளைக்கு ஒரு வினைச்சொல்லும் வேண்டும்.


மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது, பக்கங்களை முடித்துக் கொடுத்துவிட்டேன். உருமலர்ச்சி என்று போட்டிருக்கிறேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து அதற்குத்தான் ஆதரவு அதிகம். பாதிப்பேர் 'ஏதாவது ஒன்றைப் போட்டு முடியுங்கள்' என்றே எழுதியிருந்தார்கள். முதல் முறை வரும் இடத்தில், 'பிள்ளைகள் எவால்வ் ஆவது என்று சொல்வார்களே, அதுதான் உருமலர்ச்சி' என்று ஒரு வாக்கியம். பக்க ஓரத்தில் சின்னப் பெட்டி: டார்வின் சொன்ன பரிணாமம் வேறு, அது தனி உயிருக்கு நடப்பதில்லை, அதற்கு இலங்கையில் கூர்ப்பு என்று பெயர். மின்னல் கல் காட்சியில் மட்டும், மதுரை அன்பர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால், 'மாற மறுத்தது' என்று எழுதிவிட்டேன். டிட்டோவுக்கு உருமாற்றம். மெகாவுக்கு மெகா.


திருவாரூர் புலவர் ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. உள்ளது சிறப்பது கூர்ப்பு. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.


ஈரோட்டு ஆசிரியை எழுதியது:

பெட்டி போட்டதற்கு மிகவும் நன்றி, அதைப் படியெடுத்து வகுப்பில் கொடுக்கப் போகிறேன். கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். கேட்டர்ப்பீ என்ற புழு மெட்டபாட் என்ற கூட்டுப்புழுவாகி, பட்டர்ஃப்ரீ என்ற பட்டாம்பூச்சியாகிறது. அது அசல் வளர் உருமாற்றம், என் பாடப்புத்தகப் படம் மாதிரியே இருக்கிறது. அதற்கும் உருமலர்ச்சி என்றுதான் போட்டிருக்கிறீர்களா? அந்தப் பையன் முதலில் கேட்கப்போவது அதைத்தான். திங்கட்கிழமைக்குள் யாராவது சொன்னால் நல்லது.