தேஜோனில் மொறுமொறு கோழி எங்கே கிடைக்கும்?

வணக்கம். தேஜோன் நகரில் யூசோங் பக்கம் எட்டு மாதமாகத் தனியாக இருக்கிறேன். கொரியாவில் உட்கார்ந்துகொண்டு நல்ல பொரித்த கோழி கிடைக்கவில்லை என்றால் சிரிப்பீர்கள், ஆனால் நிலைமை அதுதான். வீட்டுக்கு வரவழைத்தால் தோல் நமத்துப்போய் வருகிறது. யாங்னியோம் சாஸ் பூசியதோ எனக்கு ஜாங்கிரித் தித்திப்பு.

மூன்று பெரிய கடைகளின் கிளைகளில் வாங்கிப் பார்த்துவிட்டேன். முதலில் சாஸ் இல்லாத 'ஹுராய்டு', அப்புறம் பாதி சாஸோடும் பாதி சாஸ் இல்லாமலும் வரும் 'பன்பன்'. அதில் சாஸ் கசிந்து மொறுமொறுப் பாதியும் போச்சு. எலும்பில்லாத 'சுன்சால்' வேண்டாம். எலும்பைக் கடிக்காமல் என்ன கோழி? ஒரு கோழி 20,000 வோனைத் தாண்டுவதால் இனியும் சோதித்துப் பார்க்கக் கை கடிக்கிறது.

போன மாதம் சூவோன் போனபோது, பல்தல்முன் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் உள்ள கோழித் தெருவில் பெரிய இரும்பு அண்டாவில் முழுசாகப் பொரித்ததைச் சாப்பிட்டேன். மாவு மெல்லிசு, தோல் கண்ணாடி மாதிரி நொறுங்கியது, தொட்டுக்கொள்ள உப்பு, கடிக்க முள்ளங்கி ஊறுகாய். நான் தேடுவது அதேதான். அதற்காக வாராவாரம் ரயிலேற முடியுமா?

வேலை முடிய மாலை ஏழாகும். பஸ்ஸில் அரை மணி நேரம் வரை வருவேன். கொரிய மொழி எழுத்துக்கூட்டிப் படிப்பேன், போனில் பேச வராது.

தனி ஆளையும் உட்காரவைத்து, முழுக்கோழியை அங்கேயே பொரித்துத் தரும் பழைய பாணிக் கடை தேஜோனில் எங்கே இருக்கிறது?