மெனுவைத் திறந்தால் சிமுலேட்டர் மூடிக்கொள்கிறது

கேள்வி:
2006இல் வந்த, விமானம் ஓட்டும் விளையாட்டான ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸைத் (எஃப்எஸ்எக்ஸ்) தவிர வேறெதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. புதுக் கணினி விண்டோஸ் 11, ராம் 32 ஜிபி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை நெருங்கும்போது பார்வைக் கோணத்தை மாற்ற வலது கிளிக் செய்கிறேன். முதலில் மெனு ஒழுங்காகத் திறக்கிறது. சிறிது நேரத்தில் ஒரேயடியாக டெஸ்க்டாப்புக்குத் தள்ளிவிடுகிறது. பிழைச் செய்திகூட இல்லை. கடைக்காரர் ராமைக் கூட்டச் சொல்கிறார்.

பதில்:
கடைக்காரர் பேச்சை விடுங்கள். இது 32 பிட் நிரல். எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்கு எட்டாது. விண்டோஸ் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, மூடிக்கொண்ட நேரத்துக்குரிய வரியில் ‘ஃபால்டிங் மாட்யூல்’ (பிழை நேர்ந்த கோப்பு) என்ன என்று பாருங்கள்.

கேட்டவர்:
யூஐஆட்டோமேஷன்கோர்.டிஎல்எல்.

பதில்:
நினைத்தேன். மெனுவைத் திரும்பத் திரும்பத் திறந்தால் இப்படி ஆவது விண்டோஸ் 7 காலத்திலேயே உண்டு. அதற்கு முந்தைய விண்டோஸான விஸ்டாவிலிருந்து இதே பெயருள்ள 32 பிட் கோப்பை எடுத்து, எஃப்எஸ்எக்ஸ்.இஎக்ஸ்இ இருக்கும் கோப்புறையில் வையுங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புறையான சிஸ்டம்32 பக்கமே போகாதீர்கள். கண்ட தளங்களிலிருந்தும் இறக்காதீர்கள்.

இன்னொருவர்:
எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பில் கிராஃபிக்ஸ் பகுதியின் கீழ் ஹைமெம்ஃபிக்ஸ்=1 என்றும் சேருங்கள். அது வேறு நோய்க்கு மருந்து: கட்டடங்கள் மாயமாவது, திரை கறுப்பது. எப்படியும் தேவைப்படும்.

கேட்டவர்:
மைத்துனரின் பழைய மடிக்கணினியில் விஸ்டா இருந்தது. கோப்பை எடுத்து வைத்துவிட்டு, வழிநெடுக மெனுவைத் திறந்து மூடிக்கொண்டே வந்தேன், அசையவில்லை. 27எல் ஓடுபாதையில் இறங்கிய விதம்தான் சகிக்கவில்லை. அதற்குக் கணினியைக் குறை சொல்ல முடியாது.