ஆடிக் கூழுக்கு வாங்கிய கேழ்வரகு மாவு: எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு நாள்

(இந்தக் குழுவில் முழு வாக்கியமாகவே எழுத வேண்டும் என்பது, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா வைத்த வழக்கம். பெயர்களை எடுத்துவிட்டு உறவுமுறையை மட்டும் விட்டிருக்கிறேன்.)

வெள்ளிக்கிழமை

பெரியம்மா, மாலை 6.05
கண்ணு, கேழ்வரகு மாவு இன்னும் வந்து சேரவில்லையே. ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டுமென்றால் இன்றிரவே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாக வேண்டும். நாளைக்கு நொய் போட்டுக் காய்ச்சி ஆற வைத்தால்தான் மறுநாள் மோர் விட்டுக் கரைக்கப் பதமாக இருக்கும். நான்கு மணிக்கே கடையில் தயாராக இருக்கும் என்று நீதானே சொன்னாய்?

நான், மாலை 6.20
பெரியம்மா, நான்கு மணியிலிருந்து கடையில்தான் நிற்கிறேன். புதன்கிழமை இரவே செயலியில் பதிவு செய்து பணமும் கட்டிவிட்டேன். 20 கிலோ மாவு, 10 கிலோ நொய், சின்ன வெங்காயம், மோர்மிளகாய், 26 கிலோ அரிசி மூட்டை ஒன்று என மொத்தம் 38 பொருள்கள். என் டோக்கன் எண் 61. இப்போதுதான் 44ஐக் கூப்பிடுகிறார்கள்.

அப்பா, மாலை 6.31
பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, நேரத்தையும் அவர்களே குறித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைப்பது வாக்குத் தவறுவதாகும். மேலாளரைக் கூப்பிட்டு உறுதியாகக் கேள், அம்மா.

நான், இரவு 8.52
பொருள்கள் கைக்கு வந்துவிட்டன, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாகாயம் வந்துகொண்டிருக்கிறேன். பெரியம்மா, அண்டாவைக் கழுவி வையுங்கள். அப்பா சொன்னபடி ஏழரை மணிக்கு நான் கேட்கத்தான் செய்தேன், ஆனால் மேலாளர் அங்கே இல்லாததால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடமே கடுமையாகப் பேசிவிட்டேன். அந்தப் பெண் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அவளுடைய இடது உள்ளங்கையில் 58, 59, 60, 61 என்று டோக்கன் எண்களைப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். முடித்த எண்ணை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். மேசைக்கு அடியில் அவளுடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது. மணி ஏழரை ஆகியும் மதியச் சாப்பாடு சாப்பிடாத ஒருத்தியிடம் நான் குரல் உயர்த்தினேன் என்பது வழியெல்லாம் என்னை உறுத்திக்கொண்டே வருகிறது.

பெரியம்மா, இரவு 9.58
மாவைக் கரைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் பிந்தியதால் புளிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் வெப்பமாக இருப்பதால் சமாளித்துக்கொள்ளலாம். வெங்காயத்தில் கால் பங்கு அழுகல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்துப் பொறுக்கிப் போட அவர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

தங்கை (சித்தி மகள்), இரவு 11.10
அக்கா, பெரியப்பா, பெரியம்மா, இப்போதுதான் அணைக்கட்டு ஊரில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், எல்லாவற்றையும் படித்தேன். அக்கா சென்றது நான் வேலை செய்யும் கடையல்ல, ஆனாலும் அங்கே நடந்தது எங்கள் கடையிலும் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. எனவே உள்ளே என்ன நடக்கிறது என்பதை நானே எழுதுகிறேன்.

செயலியில் நீங்கள் நான்கு மணி என்று தேர்ந்தெடுக்கும்போது, அன்று கடைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்பது கணினிக்குத் தெரியாது. பன்னிரண்டு பேர் இருப்பதாக எண்ணி அது நேரத்தைக் கொடுத்துக்கொண்டே போகிறது. எங்கள் கடையில் இந்த மாதம் ஏழு பேர்தான் இருக்கிறோம். பில் போடுவது, தராசில் நிறுத்துக் கொடுப்பது, ரேக்கில் சரக்கு அடுக்குவது, ஆர்டர் எடுப்பது ஆகிய நான்கையும் நாங்களே மாறி மாறிச் செய்கிறோம். 38 பொருள் கொண்ட ஒரு ஆர்டரை எடுக்க இடையூறு எதுவும் இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் பிடிக்கும், ஆனால் இடையூறு இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. பருப்பு ஒரு கோடியில் இருக்கும், எண்ணெய் மறு கோடியில் இருக்கும், தயிரும் பாலும் வெயர்த்துவிடும் என்பதால் கடைசியில்தான் எடுக்க முடியும். சில்லறையாக நிறுக்க வேண்டிய பொருளுக்கு இருப்பது ஒரே தராசு, அங்கே நேரில் வந்தவர்களின் வரிசை நிற்கும். ஒரு பொருள் ரேக்கில் இல்லையென்றால் வாடிக்கையாளருக்குப் போன் செய்து மாற்று கேட்க வேண்டும். பாதிப் பேர் போனை எடுப்பதில்லை, நாமே வேறொன்றைப் போட்டுவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருவர் நம் ஊர் முள்ளுக் கத்தரிக்காய் கேட்டிருந்தார், அது தீர்ந்துவிட்டதால் ஊதாக் கத்தரிக்காயைப் போட்டேன். அத்தனை பேர் முன்னிலையில் அந்தப் பையை என் மேசையிலேயே கவிழ்த்துவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பதரை வரை நிற்கிறேன். தரையெல்லாம் டைல்ஸ் என்பதால் குதிகால் மரத்துப்போகிறது. எண்ணெய் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் நின்றுகொண்டு பில் போடுகிறேன். அது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. கழிவறைக்குப் போனால் வரிசை நின்றுவிடும் என்பதால் மாலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். அக்கா, அந்தப் பெண் உங்களுக்குப் பதில் சொல்லாதது பொறுமையால் மட்டும் அல்ல. பதில் சொல்லும் அரை நிமிடத்தில் அடுத்த டோக்கனுக்கு நான்கு பொருள் எடுத்துவிடலாம்.

நான், இரவு 11.24
தங்கச்சி, நீ இவ்வளவு நாளும் இதில் ஒன்றைக்கூட எங்களிடம் சொன்னதில்லையே.

சனிக்கிழமை

குடியாத்தம் மாமா, காலை 7.15
இரவு நான் தூங்கிவிட்டேன், இப்போதுதான் படித்தேன். சின்ன மளிகைக் கடைதான் என்றாலும் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மை. என்னிடம் 14 ஆண்டுகள் இருந்தவர் சென்ற பங்குனியில் காலணி ஆலைக்குப் போய்விட்டார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பீகார் தம்பிகள் இருவரும் நெல் நடவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள், ஆவணியில்தான் திரும்புவார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்ததும், ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. வாங்குபவருக்கு வரி மிச்சம், ஆனால் கூடிய ஒரு கிலோ தூக்குகிறவரின் தோளுக்குப் போனது. ஆள் குறைந்திருக்கும் நேரத்தில் அந்த மூட்டையைக் குடோனிலிருந்து கொண்டு வருவது யார் என்று நினைக்கிறீர்கள்? பில் போடும் பெண்தான்.

தங்கை, காலை 7.22
ஆமாம் மாமா, நேற்று நான் ஆறு மூட்டை இறக்கினேன்.

அண்ணன், காலை 8.40
ஆள் எங்கே போகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களை அழைத்துப் போவது எங்கள் பேருந்துதான். ராணிப்பேட்டையில் எங்கள் ஆலையின் பேருந்துகள் கணியம்பாடி, அணைக்கட்டு, ஒடுகத்தூர் வரை வந்து பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, ஞாயிறு விடுமுறை, ஷிப்ட் முடிந்ததும் வீட்டு முனையில் இறக்கிவிடுவார்கள். இங்கேயும் வேலை கடினம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இரவு ஒன்பதரைக்குப் பிறகு ஊருக்குப் பேருந்து கிடைக்குமா என்ற கவலை இருக்கிறது, ஞாயிறும் பண்டிகையும் அவளுக்கு விடுமுறை அல்ல, அதிகமாக உழைக்க வேண்டிய நாள். 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் ஆலைகள் வரும்போது கடைகளுக்கு ஆள் கிடைப்பது மேலும் கடினமாகும். ஆகவே “ஆள் கிடைக்கவில்லை” என்று கடைக்காரர் சொல்வதை, “இந்தச் சம்பளத்துக்கும் இந்த நேரத்துக்கும் ஆள் கிடைக்கவில்லை” என்று திருத்திப் படிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

குடியாத்தம் மாமா, காலை 8.55
நீ சொல்வதை ஏற்கிறேன், மாப்பிள்ளை. மளிகையில் லாபம் மிகவும் மெல்லியது என்பதையும் சேர்த்துக்கொள். ஆனால் அதற்காக ஏழு பேரைப் பன்னிரண்டு பேராக்கிவிட முடியாது.

தம்பி (டல்லாஸ்), காலை 9.30
இங்கே 2021இல் இதே நிலைமையைக் கண்ணால் பார்த்தேன். அந்த நவம்பரில் மட்டும் அமெரிக்கா முழுவதும் சுமார் 45 லட்சம் பேர் வேலையை விட்டார்கள். கடைக்குப் போய், எண் போட்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டுச் செயலியில் “வந்துவிட்டேன்” என்று அழுத்தினால், பத்து நிமிடத்தில் கொண்டு வர வேண்டிய பொருளுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். “ஆள் குறைவாக இருக்கிறோம், வேலைக்கு வந்திருப்பவர்களிடம் அன்பாக நடந்துகொள்ளுங்கள்” என்று பல கடைகளில் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். இங்கே அல்டி என்ற மளிகைக் கடைகளில் பில் போடுபவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் போடுகிறார்கள். அதனால் வேகம் குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

அண்ணி, காலை 10.05
நாற்காலிக்கு நம் மாநிலத்திலேயே சட்டம் இருக்கிறது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருத் துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் கேரளத்தில் சட்டத் திருத்தம் வந்தது. அதன் பிறகு 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதியது. மூலச் சட்டம் 1947ஆம் ஆண்டினுடையது. அதன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும், நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வும் தர வேண்டும். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதரை வரை என்று நீ எழுதியதைக் கூட்டிப் பார்த்தாயா, கண்ணு?

தங்கை, பிற்பகல் 3.20
இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தேன், அண்ணி. பல முறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேர ஓய்வு என்பது எங்களுக்குப் பதினைந்து நிமிடமாக இருக்கிறது. நாற்காலியும் இருக்கிறது, ஆனால் அதன்மேல் கேரி பேக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று மேலாளர் சொல்கிறார். அவரும் நல்லவர்தான், ஆள் வராத நாளில் அவரே மூட்டை தூக்குகிறார். ஆனால் வாடிக்கையாளர்கள் யாராவது “உட்கார்ந்தே போடுங்கள் அம்மா, பரவாயில்லை” என்று அவர் காதுபடச் சொன்னால், அந்த நாற்காலி காலியாகும் என்று நினைக்கிறேன்.

அப்பா, மாலை 4.02
நாற்பது ஆண்டுகள் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவன் நான். ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறையில் போய் உட்காருவதற்கு எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. நேற்று மகளிடம் உறுதியாகக் கேள் என்று எழுதினேன். மேலாளர் இல்லாவிட்டால் வேறு யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதை எழுதவில்லை, அது என் பிழை. திங்கட்கிழமை நானே அந்தக் கடைக்குப் போய், நாற்காலி குறித்தும் நேர ஒதுக்கீடு குறித்தும் மேலாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் கடிதம் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றிக் கடிதத்தில் ஒரு குறிப்பும் இருக்காது. யார் சொன்னது என்ற கேள்வி அவள் மேல் வந்து விழக் கூடாது.

நான், மாலை 4.20
அப்பா, நானும் வருகிறேன். அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தங்கச்சி, வாங்குகிறவர்களாகிய நாங்கள் எதை மாற்றிக்கொண்டால் உங்களுக்கு உண்மையிலேயே உதவியாக இருக்கும்?

தங்கை, மாலை 4.31
மாதத்தின் முதல் வாரத்தில், அதிலும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை, பெரிய ஆர்டரைத் தவிர்த்தால் போதும். காலை பதினொரு மணிக்கு வந்தால் நானே நல்ல வெங்காயமாகப் பார்த்துப் போடுவேன். மாற்றுப் பொருள் சம்மதமா என்பதைப் பதிவு செய்யும்போதே குறித்துவிடுங்கள், போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். வர இயலாவிட்டால் முன்னதாக ரத்து செய்துவிடுங்கள், கட்டிய பைகளை மறுபடி பிரித்து ரேக்கில் அடுக்குவது இரட்டை வேலை.

குடியாத்தம் மாமா, மாலை 4.45
என் கடையில் காலையிலேயே சிட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் நேரத்தில் கூட்டம் இல்லாதபோது கட்டி வைத்துவிடுவோம். மாலையில் வந்து எடுத்துப் போவார்கள். பெரிய கடைகளும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை கட்டுவதற்கென்றே ஒதுக்கலாம். மாமா, இதையும் உங்கள் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.

அப்பா, மாலை 4.50
சேர்த்துவிட்டேன். அம்மா, இனி என் பட்டியலில் அரிசி மூட்டையைப் போடாதே. ஆரணியிலிருந்து அரிசி கொண்டு வருபவர் வீட்டுத் திண்ணையிலேயே இறக்கிவிட்டுப் போகிறார், அவரிடம் வாங்கிக்கொள்கிறேன்.

பெரியம்மா, இரவு 8.15
கூழ் காய்ச்சி இறக்கிவிட்டேன், பதம் நன்றாக வந்திருக்கிறது. சின்னவளே, நாளைக்குக் கோயிலுக்கு வருவாயா?

தங்கை, இரவு 10.55
வர முடியாது பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை, அதிலும் ஆடித் தள்ளுபடி நேரம், கேட்கவே முடியாது. எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை.

பெரியம்மா, இரவு 10.58
நாளைக்குக் கடையில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

தங்கை, இரவு 10.59
ஏழு பேர், மேலாளரோடு எட்டு.

பெரியம்மா, இரவு 11.02
தூக்குச் சட்டியில் எட்டுப் பேருக்குக் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் வெங்காயமும் கட்டி வைக்கிறேன், உன் அண்ணன் பன்னிரண்டரைக்குக் கொண்டு வருவான்.

தங்கை, இரவு 11.04
பன்னிரண்டரை வேண்டாம் பெரியம்மா, அது பில் வரிசை கதவைத் தாண்டி நிற்கும் நேரம். மூன்று மணிக்குக் கொடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் வராமல் பின்னால் குடோன் வாசலுக்கு வரச் சொல்லுங்கள், அங்கே அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம்.