புதுப்பிப்பு: மண்வெட்டி மூக்குப் பாம்பு இரை எடுத்துவிட்டது

அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலுள்ள சோனோரா பாலைவனத்துப் பாம்பான, நான் வளர்க்கும் மண்வெட்டி மூக்கன் இரையைத் தொடவே இல்லை என்று மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். எலிக்குஞ்சு கொடுத்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் இந்த இனத்திற்கு அது ஒத்துவராது. பூச்சி, சிலந்தி, தேள், பூரான் இவைதாம் இதன் உணவு. நன்கு வளர்ந்தாலும் ஒரு முழத்தைத் தாண்டாத உடம்பு.

குறை மணலில் இருந்தது. இரண்டு விரற்கடை ஆழம்தான் போட்டிருந்தேன். மணலுக்குள் நீந்தி வாழும் உயிருக்கு ஒளிய இடமில்லை. சலித்த நுண்மணலை 10 செ.மீ. நிரப்பினேன். சூட்டை ஒரு பக்கம் மட்டும் வைத்து, எதிர்மூலையைச் சற்று ஈரமாக்கினேன்.

நான்காம் இரவு, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். மணல் மெல்லச் சுருங்கி விரிந்தது. தட்டையான மஞ்சள் மூக்கு மட்டும் வெளியே வந்தது. மறுகணம் சில்வண்டைப் பக்கவாட்டில் கவ்விக்கொண்டது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது வாரம் இருமுறை, சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவிய சிறு சில்வண்டுகள் மூன்று நான்கு கொடுக்கிறேன். தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்துப் போடுவதில்லை, பூச்சிமருந்து பட்டிருக்கலாம். நேற்று தோலையும் கிழியாமல் ஒரே துண்டாக உரித்திருக்கிறது.