புதுப்பிப்பு: வயல் நண்டின் இரட்டை முகடு

காட்பாடிப் பக்கம் வாய்க்காலில் பிடித்த வயல் நண்டின் சிஓஐ வரிசையில் (இனத்தை அடையாளம் காண உதவும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் எழுத்து வரிசை) இரட்டை முகடு, அதாவது ஒரே இடத்தில் ரெண்டு எழுத்துக்கான முகடு, வருதே, மாதிரி கலந்துபோச்சான்னு முன்னாடி கேட்டிருந்தேன். கலக்கலை. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எப்பவோ உட்கருவுக்குள் குடியேறின பழைய நகல், அதாவது 'நம்ட்', டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும்போது கூடவே பெருகியிருக்கு. புரதம் செய்யாத நகல், அதனால மாற்றங்கள் கேட்பாரில்லாமல் சேரும். நடுவிலேயே டிஏஏ, அதாவது புரதம் செய்றதை நிறுத்தச் சொல்ற மூணெழுத்துக் குறி. வரிசையில் ஓர் எழுத்து விடுபட்டும் இருக்கு. (வழக்கமா நிறுத்தக் குறியான டிஜிஏ இருந்தா பதறாதீங்க, நண்டு மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்துக்கான குறி.)

கிரேஃபிஷில் (சிங்கி இறால் மாதிரியான நன்னீர் உயிரி) இதே மாதிரி நகல்கள் இனக் கணக்கை ஊதிக்காட்டும்னு 2008லயே எழுதிட்டாங்க. 'வேலூரில் புது இனம்'னு குதிச்ச ஜூனியர் தம்பி இப்போ கப்சிப்.

மைட்டோகாண்ட்ரியா நிறைஞ்ச கால் தசையில் டிஎன்ஏ எடுத்து, நம்ட் பெரும்பாலும் குட்டையா இருக்கும்கிறதால நீளத் துண்டாப் பெருக்கினோம். முகடு ஒற்றையா வந்துடுச்சு. நிறுத்தக் குறியே இல்லாத நம்ட்டும் உண்டு, அதனால அடுத்து, பெரும்பாலும் செயல்படும் மரபணுவிலிருந்தே வர்ற ஆர்என்ஏ வழியா ஒருமுறை பார்க்கணும்.