‘நுண்துளைக் கரிமம்’ வேண்டாம், ‘புரைக்கரி’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

லித்தியம்-கந்தக மின்கலத்தில் கந்தகத்தைத் தாங்கும், துளைகள் நிறைந்த கரிப்பொருளுக்கு (porous carbon) ‘நுண்துளைக் கரிமம்’ என்ற தமிழ்ப்பெயரே போதும் என்று இந்தக் கலைச்சொல் உரையாடலில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. துளைகளை 2 நானோமீட்டருக்குக் கீழ், 2 முதல் 50 வரை, 50-க்கு மேல் என வேதியியலார் மூன்றாகப் பிரிக்கிறார்கள். பொதுப்பெயரிலேயே ‘நுண்’ணைச் செலவழித்துவிட்டால் முதல் வகையை எப்படி அழைப்பது? மூன்றாவது ‘பெருநுண்துளை’ ஆகிவிடுமே!

இந்தப் பிரிவை ஒதுக்கிவிட்டு இத்துறையைப் பற்றி எழுதவே முடியாது. கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அதை 155 பாகை செல்சியசை ஒட்டி, உருகி நன்றாக இளகியிருக்கும் நிலையில், கரியின் துளைகளுக்குள் இறக்குகிறார்கள். மின்னிறக்கத்தில், அதாவது கலம் மின்சாரம் தரும்போது, அது லித்தியம் சல்பைடாகி ஏறத்தாழ 80 விழுக்காடு பருக்கும். அதற்கும் துளையில் இடம் வேண்டும். நடுவில் உண்டாகும் பாலிசல்பைடுகளோ (லித்தியமும் கந்தகமும் சேர்ந்த இடைநிலைச் சேர்மங்கள்) கலத்திலுள்ள மின்பகுதிரவத்தில் கரைந்து, தறியின் ஓடம்போல இரு முனைகளுக்கும் இடையே அலைந்து, கொள்திறனை (கலம் தேக்கக்கூடிய மின்னளவை) தின்கின்றன. மிகச் சிறிய துளை அவற்றைப் பிடித்துவைக்கும், ஆனால் கொஞ்சம்தான் கொள்ளும். பெரிய துளை நிறையக் கொள்ளும், தப்பவும் விட்டுவிடும். 2009-இல் கனடிய வேதியியலாளர் லிண்டா நசார் குழுவினர் நடு அளவுத் துளைகள் சீராக அமைந்த கரியில் கந்தகத்தை நிரப்பி, ஒரு கிராம் கந்தகத்துக்கு 1,320 மில்லியாம்பியர்-மணி வரை எட்டினார்கள். கோட்பாட்டு உச்சம் சுமார் 1,675 என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பது விளங்கும்.

ஆகவே உட்துளை என்று பொருள்படும் ‘புரை’யை முன்மொழிகிறேன். நுண்புரை, இடைப்புரை, பெரும்புரை; துளையுள்ள தன்மைக்குப் புரைமை. ‘புரையோடிய புண்’ நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கினார். தயக்கம் நியாயமானதே. ஆனால் அங்கும் உள்ளே குடைந்து செல்வதைத்தானே அச்சொல் குறிக்கிறது? நமக்கு வேண்டியதும் அதுதான்.

‘கரிமம்’ என்பதையும் இங்கே விட்டுவிடலாம். கரிம வேதியியல் பழகியவர்கள் ‘கரிமப் பொருள்’ என்றதும் வேறொன்றை, அதாவது கார்பன் சேர்மங்களை (organic compounds), நினைப்பார்கள். ‘கரி’ குழப்பமில்லாதது, சின்னது: புரைக்கரி, இடைப்புரைக்கரி.

இன்னொன்று: கேத்தோடுக்குப் பாடநூல் தரும் ‘எதிர்மின்வாய்’ என்ற சொல் மின்பகுப்புக்குப் பொருந்தும். மின்னிறக்கும் கலத்தில் கேத்தோடு நேர்மின் பக்கம் அல்லவா? இங்கே ‘நேர்முனை’ என்றே எழுதுவோம்.

ஒரே கரியில் பல அளவுப் புரைகள் ஒருங்கே இருப்பதற்குத்தான் நல்ல சொல் அமையவில்லை. ‘அடுக்குப்புரை’ என்றால் கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கரித்தாள்) அடுக்கோடு குழம்பும். இப்போதைக்குப் ‘பல்லளவுப் புரைக்கரி’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாகத் தோன்றினால் எழுதுங்கள்.